வேறொருவரின் பயிற்சிக் கடிதம்

கொக்குவிலில் இருந்து இணுவிலுக்கு ரயில் பாதையால் நடந்துகொண்டிருந்தேன். தண்டவாளமும் சிலிப்பர் கட்டையும் பங்கர்களுக்குப் போய்விட்டபடியால், நடக்கிறவனுக்கு யாழ்ப்பாணக் குடாநாட்டில் அந்த நாட்களில் அதைவிட நல்ல வழி இல்லை. சட்டைப் பையில் ஒரு கடிதம் இருந்தது. இன்ன மாணவர் பல்கலைக்கழக வெளியீட்டகத்தில் மூன்று மாதம் பயிற்சி பெறுவார் என்று எழுதி, முத்திரை குத்தியிருந்தார்கள். அந்த இன்ன மாணவர் நான் இல்லை. இரண்டு மாதம் அவராக இருந்துவிட்டு, அன்று காலையில் பிடிபட்டுவிட்டேன். கடிதத்துக்குச் சொந்தக்காரர் மறுநாள் எட்டு மணிக்கு நேரில் வராவிட்டால் பீடத்துக்கு எழுதுவார்கள். எழுதினால் அவருக்கு இறுதிப் பரீட்சை இல்லை. இதை அவரிடம் சொல்லத்தான் போய்க்கொண்டிருந்தேன். வேகமாக நடக்கவில்லை.

நான் குருநகர். எட்டாம் வகுப்புப் பாதியில் பள்ளிக்கூடத்தை விட்டுக் கடலுக்குப் போனேன். பிறகு யுத்தம் என்று கடலுக்குப் போகக்கூடாது என்றார்கள். பிறகு வீட்டில் ஷெல் விழுந்தது. ஒரு பேக்கரியில் விறகு கொத்தினேன், கோவில் மடத்தில் படுத்தேன், வெங்காயம் கிண்டினேன், கிணறு இறைத்தேன், பங்கர் வெட்டினேன். வெட்டிய பங்கர் எதுவும் இடிந்து விழவில்லை என்பதைத் தவிர என்னிடம் வேறு சான்றிதழ் கிடையாது.

அப்படி இணுவிலில் ஒரு வீட்டில் பங்கர் வெட்டும்போதுதான் அந்த மாணவரைச் சந்தித்தேன். பண்டத்தரிப்புக்காரர். அந்த வீட்டில் ஓர் அறையில் வாடகைக்கு இருந்தார். வெட்டிய மண்ணின் மேல் இருந்துகொண்டு, வடை சுற்றி வந்த பேப்பரை வாசித்துக்கொண்டிருந்தேன். அவர் வந்து நின்றார்.

"அண்ணை, உங்களுக்கு வாசிக்கத் தெரியுமோ?"

"தெரியாமலோ இதைப் பிடிச்சுக்கொண்டிருக்கிறன்?"

"இல்லை, சிலபேர் எண்ணெயைப் பாத்துக்கொண்டும் இருப்பினம்." கொஞ்சம் யோசித்தார். "ஒரு மூண்டு மாதம் நீங்கள் நானாய் இருப்பியளோ?"

அவருடைய சிக்கல் இதுதான். பயிற்சி கட்டாயம். காலை முதல் பின்னேரம் வரை, சம்பளம் இல்லை. ஆனால் அதே நேரத்தில்தான் அவர் இணுவிலில் ஒரு ரியூட்டரியில் கணக்குப் படிப்பித்தார்; பள்ளிக்கூடங்களில் அகதிகள் இருந்தபடியால் ரியூட்டரிகள் பகலிலும் நடந்தன. அந்தச் சம்பளத்தில்தான் பண்டத்தரிப்பில் அடுப்பு எரிந்தது. எனக்கு அவர் தருவதாகச் சொன்னது படுக்க இடமும் இரவுச் சாப்பாடும். மத்தியானம் வெளியீட்டகத்தில் பாணும் சம்பலும் கிடைக்கும்.

"நீர் என்ன படிக்கிறனீர்?"

"பொருளியல்."

"அதென்னண்டு ஆரும் கேட்டால்?"

"ஒருத்தரும் கேக்க மாட்டினம், அண்ணை."

அவர் சொன்னது சரி. ஒருவரும் கேட்கவில்லை.

வெளியீட்டகம் கொக்குவிலில் ஒரு மதில் வீட்டுக்குள் இருந்தது. மின்சாரம் இல்லாததால் காலால் மிதிக்கும் பழைய அச்சு இயந்திரத்தில் அடித்தார்கள். வெள்ளைத்தாள் குடாநாட்டுக்குள் கொண்டுவரத் தடை. பள்ளிக்கூடக் கொப்பிக்கு வந்த கோடு போட்ட தாளில் ஆராய்ச்சி நூல்கள் வெளிவந்தன. அச்செழுத்துகளும் போதவில்லை. எட்டுப் பக்கம் கோத்து அடித்தவுடன் அவற்றைக் கலைத்து, அடுத்த எட்டுப் பக்கத்துக்குக் கோப்பார்கள். ஆகவே அடித்தது அடித்ததுதான். பயிற்சி மாணவர்களின் வேலை புரூஃப் பார்ப்பது, தாள் மடிப்பது, தைப்பது, அட்டை ஒட்டுவது. பசையைக் கோதுமை மாவில் காய்ச்சி, பூச்சி அரிக்காமல் இருக்கத் துருசு போடுவோம். துருசு போடும் முன்பே ரொட்டிக்கு வேண்டிய மாவை எடுத்துவிட வேண்டும். பல்கலைக்கழகத்தில் நான் கற்ற முதல் பாடம் அது.

என்னோடு இன்னொரு மாணவி பயிற்சிக்கு வந்தாள். அவள் கையெழுத்துப் பிரதியைச் சத்தமாக வாசிப்பாள். நான் அச்சடித்த தாளில் எழுத்தெழுத்தாகப் பார்த்துக்கொண்டு போவேன். ஒரு கொம்பு குறைந்தாலும் எனக்குப் பிடிபடும்.

"உங்களுக்கு என்னண்டு இவ்வளவு பிழை பிடிபடுது?" என்று ஒருநாள் கேட்டாள்.

"தெரியேல்லை."

"எனக்குத் தெரியும். உங்களுக்கு ஒண்டும் விளங்கிறேல்லை. விளங்கினால் மனம் தானாய் ஓடிடும், கண் நிக்காது."

அவமானப்படுத்தினாளா பாராட்டினாளா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அவள் சொன்னது உண்மை. இரண்டு மாதத்தில் மூன்று நூல்களைப் பிழையில்லாமல் முடித்தேன். அவற்றில் ஒன்று எதைப் பற்றியது என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

நான்காவது நூல்தான் கெடுத்தது. அது எனக்கு விளங்கியது. கரையோரக் கிராமங்களின் தொழில்களைப் பற்றி ஒரு பேராசிரியர் எழுதியது. களங்கண்டி வலையை வள்ளத்தில் கட்டி ஆழ்கடலில் இழுத்து வருவார்கள் என்று ஓரிடத்தில் எழுதியிருந்தார். களங்கண்டி என்பது பரவைக்கடலில், இடுப்பளவு தண்ணீரில், தடி நட்டு வலை கட்டி வைக்கும் அடைப்பு. மீன் தானாக உள்ளே போய், வெளியே வர வழி தெரியாமல் நிற்கும். அதை ஆழ்கடலில் இழுப்பதென்றால், வளவு வேலியைப் பிடுங்கிக் காரில் கட்டிக் கண்டி வீதியால் இழுத்துக்கொண்டு போவதுபோல.

பேனையை எடுத்து வசனத்தை வெட்டினேன்.

"பிரதியிலை உள்ளபடி எண்டுதான் பொறுப்பாளர் சேர் சொன்னவர்" என்றாள் மாணவி.

"உள்ளபடி எண்டால் தடி நட்டிருக்க வேணும்."

"பேராசிரியரின்ரை வசனத்திலை கை வைக்காதேங்கோ."

"கை வைக்கேல்லை, தடிதான் வைச்சனான்."

கோத்தார்கள், அடித்தார்கள், கலைத்தார்கள். நான்கு நாள் கழித்து, அன்று காலையில், பேராசிரியர் அச்சடித்த தாள்களைச் சைக்கிள் கரியரில் வைத்துக்கொண்டு வந்தார்.

"ஆர் என்ரை வசனத்தை மாத்தினது?"

"நான்தான், சேர்."

"ஏன் காணும்?"

வாயால் விளக்கியும் அவருக்குப் புரியவில்லை. பசைச் சட்டிக்குள் பென்சில்களை வரிசையாக நட்டு, தையல் நூலைச் சுற்றிக் கட்டி, மீன் எப்படிப் போகும், எங்கே நிற்கும் என்று காட்டினேன். குனிந்து சட்டிக்குள் பார்த்தார். தன் விரலையே மீனாக விட்டுப் பார்த்தார். விரல் முழுக்கப் பசை.

"இதை நீர் எங்கை படிச்சனீர்? இடாப்பிலை பண்டத்தரிப்பு எண்டு கிடக்குது. வெங்காயத் தோட்டத்திலையோ தடி நட்டனீர்?"

"மாமா வீடு குருநகர், சேர்."

அந்த ஒற்றைச் சொல்லில் ஒரு பண்டத்தரிப்புக் குடும்பத்துக்குக் கடற்கரையில் கலியாணம் முடித்துவைத்துவிட்டேன். பேராசிரியரின் புருவம் உயர்ந்தது. ஆனால் மனிதர் சந்தோசமாகத்தான் இருந்தார். வெளியீட்டு விழாவில் என்னை மேடையில் ஏற்றி வலைகளைப் பற்றிக் கதைக்க வைப்பேன் என்று சொல்லிவிட்டு, விரலைத் துடைத்துக்கொண்டு போனார்.

வெளியீட்டகப் பொறுப்பாளர் இவ்வளவு நேரமும் மூலையில் தாள் எண்ணிக்கொண்டிருந்தவர், எழுந்து கதவைச் சாத்தினார்.

"தம்பி, இப்ப சொல்லும். நீர் ஆர்?"

சொன்னேன். அவர் ஆச்சரியப்படவில்லை.

"எப்ப பிடிச்சனீங்கள், சேர்?"

"ரெண்டாம் நாள். தேத்தண்ணி குடிச்ச கோப்பையைக் கழுவி வைச்சனீர். எத்தினை வருசமாய்க் கம்பஸ் பெடியள் இங்கை வாறாங்கள், ஒருத்தன் கழுவினதில்லை."

"பிறகேன் பேசாமல் இருந்தனீங்கள்?"

"புரூஃப் சுத்தமாய் வந்தது, வாயை மூடிக்கொண்டிருந்தன். இனி ஏலாது. மேடையிலை நீர் ஏறினால் அவனோடை படிக்கிறவங்கள் காட்டிக்குடுப்பாங்கள், அந்த வெங்காயக்காரன் ஏறி முழிச்சாலும் என்ரை வேலை போகும். நாளைக்கு எட்டு மணிக்கு அவன் வரவேணும். முதல் நாளிலை இருந்து தொடங்கட்டும், முழு மூண்டு மாதம். அந்த அத்தியாயத்தை விழாவுக்கு முன்னம் பாடமாக்கட்டும். வராட்டில் பீடத்துக்கு எழுதுவன்."

"பேராசிரியர் முகம் வேறை எண்டு கண்டுபிடிச்சிடுவாரே?"

"அவர் மீனையே வடிவாப் பாக்கேல்லை. உம்மைப் பாத்திருப்பாரோ?"

இணுவிலுக்குப் போய்ச் சேர்ந்தபோது மாணவர் கிணற்றடியில் கையில் இருந்த சோக்குத் தூளைக் கழுவிக்கொண்டிருந்தார். முழுவதையும் சொன்னேன். ஈரக் கையோடு கிணற்றுக் கட்டில் இருந்துவிட்டார்.

"எட்டு மணிக்கு எனக்கு ஏழாம் வகுப்பு, அண்ணை."

"விடும்."

"விட்டால் நாளைக்கே வேறை ஒருத்தனைப் பிடிச்சிடுவினம். ரியூட்டரிக்கு வாத்திமாருக்கோ பஞ்சம்? மூண்டு மாதம் வீட்டை எதைத் தின்னுறது?"

"பீடத்துக்கு எழுதினால் பிறகு காலம் முழுக்க எதைத் தின்னுறது?"

"எல்லாம் ஒரு தடியாலை. ஒரு வரியைப் பிழையாய் விட்டால் உங்களுக்கு என்ன? கடல் வத்திப்போகுமோ?"

அந்த வரியைச் சும்மா விட்டிருக்கலாம்தான். ஊரில் எத்தனையோ பொய் அச்சாகிக்கொண்டிருந்தது. ஆனால் இன்னொரு தரம் அந்தத் தாள் கையில் வந்தாலும் வெட்டத்தான் செய்வேன் என்றும் தெரிந்தது. அதை அப்போது சொல்லக்கூடாது என்ற அளவுக்கு எனக்குப் படிப்பு இருந்தது.

"உம்மடை வகுப்பை நான் பிடிச்சு வைக்கிறன்" என்றேன். "சம்பளம் பண்டத்தரிப்புக்குப் போகட்டும். நீர் வந்தவுடனை நான் எழும்பிப் போறன்."

"கணக்கு, அண்ணை! பங்கர் இல்லை."

"ஏழாம் வகுப்புப் பாஸ் பண்ணினனான். எட்டிலைதான் அரைவாசி."

தலையில் கை வைத்துக்கொண்டு சிரித்தார். சிரித்து முடித்ததும் தன் பாடக் குறிப்புக் கொப்பியைக் கொண்டுவந்து தந்தார்.

காலையில் அவர் சைக்கிளில் கொக்குவிலுக்குப் போனார். நான் கொப்பியையும் அவருடைய இரண்டாவது நல்ல சட்டையையும் கொண்டு ரியூட்டரிக்குப் போனேன். கிடுகுக் கொட்டில், வாங்குகள், ஒரு கரும்பலகை. நடத்துகிறவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"கம்பஸோ?"

"ஓம். ரெண்டு மாதம் புத்தகம் பாக்கிற பகுதியிலை இருந்தனான்."

"அவன் விட்ட இடம் தெரியுமோ?"

"பின்னம்."

அரைத் துண்டு சோக்கு தந்து, அது ஒரு கிழமைக்கு என்றார். உள்ளே நாற்பது பிள்ளைகள் எழும்பி நின்று வணக்கம் சொன்னார்கள். இருக்கச் சொல்ல வேண்டியது நான்தான் என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது. கொப்பியில் கூட்டல் முதலாவதாக இருந்தது. வகுத்தல் வெள்ளிக்கிழமைக்கு முன் வராது. அதற்குள் படித்துவிடலாம் என்று நினைத்துக்கொண்டு, பலகையில் அரை என்று எழுதி, அதற்குப் பக்கத்தில் கால் என்று எழுதினேன்.