எங்கடை ஆளின் கூட்டாளி

பத்து வயதில் எனக்கு நன்றாகத் தெரிந்த அமெரிக்கர் ஒரே ஒருவர்தான். நான் பிறப்பதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே அவருடைய கதை முடிந்திருந்தது. சரக்கு ரயில்களில் சீட்டெடுக்காமல் ஏறி, ஊர் ஊராகத் திரிந்து, கிட்டாரும் கையுமாகச் சந்திகளில் நின்று பாடிய நாடோடி அவர். பன்னிரண்டு பாட்டுகளை இசைத்தட்டுக்குப் பாடிக் கொடுத்துவிட்டு மறுபடியும் ரயிலேறிவிட்டாராம். அவருக்கு ஒரு பெயர் இருந்தது. ஆனால் எங்கள் வீட்டில் அதை யாரும் சொன்னதில்லை. மாமா அவரை, ஏதோ நம் சொந்தக்காரர்போல, 'எங்கடை ஆள்' என்றுதான் சொல்வார்.

மாமா அம்மாவின் தம்பி. யாழ்ப்பாணத்திலிருந்து நோர்வேக்கு வந்து மூன்று வருடமாகியும் அவருடைய அகதி விண்ணப்பம் முடியவில்லை. முதல் பதில் 'இல்லை' என்று வந்தது. மேன்முறையீடு செய்துவிட்டு, ஒஸ்லோவின் ஓரத்தில், ரொம்மனில், எங்கள் மூன்றாம் மாடி வீட்டுச் சோபாவில் படுத்துக்கொண்டு கடிதத்துக்காகக் காத்திருந்தார். கொழும்பில் விமானம் ஏறி ஒஸ்லோவில் இறங்கியதாகத்தான் அவர் அதிகாரிகளுக்கு எழுதிக் கொடுத்திருந்தார். வழியில் நின்ற நாடுகளில் ஒன்றின் பெயர் வெளியே வந்தாலும் அங்கேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று, காசு வாங்கிக்கொண்டு கள்ளமாக ஆள் அனுப்பும் ஏஜென்ட் சொல்லிக் கொடுத்திருந்தார். ஆகவே மாமா எப்படி வந்தார் என்பதைப் பற்றி எங்கள் வீட்டில் மூச்சு விடக்கூடாது. அம்மாவுக்கே அது முழுதாகத் தெரியாது. கேட்டால்தானே தெரியும், தெரிந்தால்தானே வாய் தவறும் என்று அவர் கேட்காமலே இருந்தார்.

தற்காலிக அனுமதியில் மாமா நகரத்து உணவகம் ஒன்றில் கோப்பை கழுவினார். அங்கே சமைத்தவர் காட்டுப்பக்கத்து நோர்வேக்காரர். அந்தப் பக்கத்து ஆட்கள் சிலருக்கு அமெரிக்கக் கிராமியப் பாட்டு என்றால் உயிர். கோடையில் அகலத் தொப்பியும் நீளச் சப்பாத்தும் போட்டுக்கொண்டு அதற்கென்று நடக்கும் விழாக்களுக்குப் போய்விடுவார்கள். அவர்தான் எங்கடை ஆளின் பாட்டுகளை ஒரு கசெட்டில் பதிந்து மாமாவுக்குக் கொடுத்தவர். உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டே பாட்டுக்காரரின் வாழ்க்கையையும் சொன்னாராம். மாமாவின் நோர்வேஜிய மொழி அப்போது அரைவேக்காடு. பாதிதான் விளங்கியது. விளங்காத பாதியை மாமா தன் கையிலிருந்ததைப் போட்டு நிரப்பினார்.

சனிக்கிழமைகளில் என்னை நீச்சல் வகுப்புக்குக் கூட்டிப்போவது மாமாவின் பொறுப்பு. ரொம்மனில் ரயில் ஏறியதும் பொக்கெற்றிலிருந்து வோக்மனை எடுத்து, ஒரு காதுக்குழாயை எனக்குத் தந்து மற்றதைத் தான் வைத்துக்கொள்வார். முதலில் எண்ணெய் கொதிப்பதுபோல ஒரு சரசரப்பு வரும். பிறகு மூக்கால் பாடும் ஒரு மெலிந்த குரல். மூன்றாவது பாட்டின் நடுவில் அந்த ஆள் தொண்டையாலேயே ரயில் கூவுவார். எதிரில் இருப்பவர்கள் பார்ப்பார்களே என்ற கூச்சமில்லாமல் மாமாவும் கூடவே கூவுவார். நான் மற்றப் பக்கம் திரும்பிக்கொள்வேன். ஆனால் அம்மருட் நிலையம் தாண்டியதும் கதை தொடங்கிவிடும். கதை தொடங்கினால் எனக்குக் கூச்சமெல்லாம் போய்விடும்.

கதையில் இசைத்தட்டுப் பதிந்த இடம் எனக்கு மிகவும் பிடிக்கும். ஒரு கம்பனிக்காரர் பெட்டி பெட்டியாக யந்திரம் கொண்டுவந்து ஒரு ஹோட்டல் அறையில் பொருத்துகிறார். வெளிச்சத்தம் வராமல் ஜன்னலில் கம்பளி அடிக்கிறார்கள். எங்கடை ஆளுக்குக் காலால் தாளம் தட்டாமல் பாட வராது. தட்டினால் யந்திரம் அதிரும். கடைசியில் சப்பாத்தைக் கழற்றச் சொல்லி, காலுக்குக் கீழே ஒரு தலையணையை வைக்கிறார்கள். அந்தத் தலையணையில் தட்டித் தட்டித்தான் பன்னிரண்டு பாட்டும் பாடி முடித்தாராம்.

அதற்கு முந்திய கதை பெரிது. ஊரில் ஆமிக்காரர் இளைஞர்களைப் பிடித்துக்கொண்டு போனதால் எங்கடை ஆளின் தாய் தன் காப்புகளை விற்று அவரை ஒரு ஏஜென்டிடம் ஒப்படைத்தார். ஏஜென்ட் எட்டுப் பேரை ஒரு அறையில் பூட்டி, இரண்டு நாளைக்கு ஒருமுறை பாணும் தகரத்தில் அடைத்த மீன் பேணியும் கொடுத்தான். சொந்தப் பெயரை ஒருவருக்கொருவர் சொல்லக்கூடாது என்பது ஏஜென்டின் சட்டம். அந்த அறையில்தான் எங்கடை ஆளுக்கு ஒரு கூட்டாளி கிடைத்தான். உண்மையான பாட்டுக்காரன் அவன்தான். தேவாலயத்துப் பாடகர் குழுவில் பாடியவன். சப்பாத்துக்குள் பொலித்தீன் பையைக் கட்டிக்கொண்டு இருவரும் பனிக்காட்டில் நடந்தார்கள். மரக்குற்றி ஏற்றிய சரக்கு ரயிலில் ஒளிந்துகொண்டார்கள். இருவருக்கும் ஒரே ஒரு தடித்த ஜக்கெற். மாறி மாறிப் போட்டுக்கொள்வதாக ஒப்பந்தம். விடியும்போது ஜக்கெற் எங்கடை ஆளின் மேல் இருந்தது. அவருடைய முறை எப்போதோ முடிந்துவிட்டது, கூட்டாளி எழுப்பவில்லை. இறங்கு இறங்கு என்று ஏஜென்டின் ஆள் கத்தினான். கூட்டாளி விறைத்துக் கிடந்தான். எங்கடை ஆள் ஜக்கெற்றைக் கழற்றிக் கூட்டாளியைப் போர்த்திவிட்டு இறங்கி ஓடினார். ரயில் போய்விட்டது. மூன்றாவது பாட்டில் அவர் கூவுவது அந்த ரயிலின் கூவல்தான்.

இப்போது எழுதும்போது இதில் அமெரிக்கா எங்கே இருக்கிறது என்று எனக்கே சிரிப்பு வருகிறது. அன்று வரவில்லை. எனக்குத் தெரிந்த பெரியவர்கள் எல்லோரும் ஏஜென்ட் மூலம்தான் எங்கிருந்தோ எங்கேயோ வந்திருந்தார்கள். அமெரிக்கர் மட்டும் வேறு வழியாகப் போயிருப்பார் என்று நினைக்க எனக்குக் காரணமில்லை.

ஐந்தாம் வகுப்பில் ஒவ்வொருவரும் ஓர் இசைக்கலைஞரைப் பற்றி எல்லோர் முன்னாலும் நின்று பத்து நிமிடம் பேச வேண்டும் என்று ஆசிரியை சொன்னார். மற்றப் பிள்ளைகள் தொலைக்காட்சியில் வரும் பாடகிகளைப் பற்றிப் பளபளப்பான படங்களோடு பேசினார்கள். நான் கசெட்டை மாமாவின் பையிலிருந்து அவருக்குத் தெரியாமல் எடுத்துக்கொண்டு போனேன். காப்பு, ஏஜென்ட், மீன் பேணி, பனிக்காடு, ஜக்கெற் எல்லாவற்றையும் ஒன்றும் விடாமல் சொன்னேன். கடைசியில் கசெட்டைப் போட்டு அந்தக் கூவலைக் கேட்க வைத்தேன். முன்வரிசையில் இருந்த ஒரு பெண்பிள்ளை அழுதுவிட்டாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஒரே ஒரு பையன் கையை உயர்த்தி, சொந்த நாட்டுக்குள்ளே ரயிலேறுவதற்கு ஏஜென்ட் எதற்கு என்று கேட்டான். ஏஜென்ட் இல்லாமல் யாராலும் எங்கேயும் போக முடியாது என்று நான் அவனுக்கு விளக்கினேன்.

பின்னேரம் என் பையில் ஆசிரியையின் கடிதம் ஒன்று இருந்தது. பெற்றோருடன் என் பேச்சைப் பற்றிக் கதைக்க வேண்டும் என்று எழுதியிருந்தார்.

அம்மா கடிதத்தை இரண்டு தரம் வாசித்துவிட்டு, என்ன பேசினாய் என்று கேட்டார். நான் குசினியில் நின்று முழுவதையும் திரும்பவும் சொன்னேன். பாதியில் அம்மா அடுப்பை அணைத்தார். அப்பா கதிரையில் உட்கார்ந்தார். மாமா வேலையால் வந்து ஜக்கெற்றைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

"ஆர் உனக்கு இதெல்லாம் சொன்னது?" என்று அப்பா கேட்டார். நான் மாமாவைக் காட்டினேன்.

"நீர் என்ன, விசரோ?" என்று அப்பா குரலைத் தாழ்த்தி மாமாவைக் கேட்டார். "அங்கை கடிதம் இன்னும் வரேல்லை. இவள் வகுப்பிலை நிண்டு நீர் வந்த வழிக்கு றோட்டுப் போட்டுக் காட்டியிருக்கிறாள்."

அம்மாவின் கவனம் அதில் இல்லை. அவர் தம்பியையே பார்த்துக்கொண்டிருந்தார். "அந்தக் கூட்டாளிப் பெடியன் ஆரடா?" என்றார். மாமா குளியலறைக்குள் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டார். வெகுநேரம் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது.

பள்ளிக்கூடத்துக்குப் போன அன்று அப்பா தன் கலியாணக் கோட்டைப் போட்டுக்கொண்டார். அம்மா ஒரு தட்டு நிறைய ரோல்ஸ் பொரித்து எடுத்துவந்தார். ஆசிரியை பொலிசாருடன் காத்திருப்பார் என்றே இருவரும் நினைத்தார்கள் போலும். அவர் தேநீரோடு காத்திருந்தார். பிள்ளை அருமையாகப் பேசினாள், ஆனால் நூலகத்தில் தேடிப் பார்த்தேன், அந்தப் பாடகரின் வாழ்க்கையில் இப்படி எதுவும் நடக்கவில்லை, உண்மையையும் கற்பனையையும் பிரித்துச் சொல்ல அவள் பழக வேண்டும் என்றார். அவ்வளவுதான். பிறகு, இதையெல்லாம் வீட்டில் யாராவது சொன்னார்களா என்று சாதாரணமாகக் கேட்டார்.

அப்பா முந்திக்கொண்டார். இல்லை, இல்லை, வீட்டில் யாரும் ஒன்றும் சொல்வதில்லை, இவள் சரியான பொய்க்காரி, காலையில் எழும்பினால் படுக்கும்வரை பொய்தான் என்றார். அம்மாவும் தலையாட்டினார். என் வாழ்க்கையில் அதுவரை நான் சொன்ன பொய்களை ஒரு கை விரல்களுக்குள் அடக்கிவிடலாம். அதில் நான்கு பல் தீட்டிவிட்டேன் என்பது. ஆசிரியைக்கே சங்கடமாகிவிட்டது. அவர் ஒரு ரோல்ஸை எடுத்துக் கடித்து, மிக நன்றாக இருக்கிறது என்றார். அடுத்த வெள்ளிக்கிழமை நான் சரியான தகவல்களுடன் மறுபடி பேசுவது என்று முடிவாகியது.

வீட்டுக்குத் திரும்பும்போது அம்மா என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு வந்தார். நான் இழுத்து எடுத்துக்கொண்டேன். அந்த வாரம் நான் மாமாவின் முகத்தைப் பார்க்கவில்லை. சனிக்கிழமை ரயிலில் அவர் நீட்டிய காதுக்குழாயையும் வாங்கவில்லை.

"நீங்க எனக்குப் பொய் சொல்லிப்போட்டியள்" என்றேன்.

"ஓம் பிள்ளை" என்றார் மாமா. வோக்மனைப் பொக்கெற்றில் வைத்துக்கொண்டார்.

மாமா காத்திருந்த கடிதம் அடுத்த வருடம் வந்தது. நல்ல கடிதம்தான். ஆனால் மறைத்து மறைத்துப் பழகிய வாய் அதன் பிறகும் திறக்கவில்லை. எனக்கு இருபது வயதான பிறகு ஒருநாள், அதே ரயிலில், நான் கேட்காமலே சொன்னார். கூட்டாளி மன்னார்ப் பக்கத்துப் பெடியன். அவனுடைய கடவுச்சீட்டில் இருந்தது ஏஜென்ட் வைத்த பெயர். மாமாவுக்குத் தெரிந்தது அது ஒன்றுதான். எந்த ஊர், யாருடைய பிள்ளை என்று தெரியாததால் யாருக்கும் அறிவிக்க முடியவில்லை. தெரிந்திருந்தாலும், விமானத்தில் வந்த மனிதர் சரக்கு ரயிலில் இறந்தவனைப் பற்றி எப்படி அறிவிப்பது?

ஐந்தாம் வகுப்பில் எனக்கு இது எதுவும் தெரியாது. நூலகத்தில் பாட்டுக்காரரைப் பற்றிய புத்தகத்தை ஆசிரியை எடுத்துத் தந்தார். அதைப் பார்த்து இரண்டு பக்கம் எழுதினேன். கம்பளி அடித்த ஜன்னலும், காலுக்குக் கீழே தலையணையும் அதில் இருந்தன. நான் பொய் என்று முதலில் வெட்டிவிட நினைத்தது அவற்றைத்தான்.

வியாழக்கிழமை பின்னேரம் எங்கள் கட்டடத்து நிலவறையில் உடுப்புத் தோய்க்கும் முறை எங்களுக்கு. படுக்கை விரிப்பை மடிக்க இரண்டு பேர் வேண்டும் என்று அம்மா என்னை மாமாவுடன் அனுப்பினார். ஒரு நுனியை நானும் மறு நுனியை அவரும் பிடித்து மடித்தோம். எல்லாம் மடித்து முடிந்ததும், எழுதியதை வாசித்துக் காட்டச் சொன்னார் மாமா. நான் பொக்கெற்றிலிருந்து தாளை எடுத்து நோர்வேஜிய மொழியில் வாசித்தேன். எங்கே பிறந்தார், தகப்பன் என்ன வேலை செய்தார், எந்தத் தொழிற்சாலையை விட்டு ஓடினார், எப்படி நெஞ்சுச்சளியில் இறந்தார் என்று எல்லாம் ஒழுங்காக இருந்தது. அவர் எப்போதும் தனியாகவே பயணம் செய்தார் என்ற வரியில் மாமா என்னை நிறுத்தினார்.

"தனியவோ?"

"ஓம். புத்தகத்திலை அப்பிடித்தான் இருக்கு."

"அப்ப அந்தக் கூட்டாளி?"

"அப்பிடி ஒராள் இல்லை" என்றேன். எனக்கு இன்னும் கோபம் ஆறவில்லை. "நீங்க சும்மா சொன்னனீங்கள். அப்பிடி ஒராள் இருக்கவேயில்லை."

மாமா மடித்த விரிப்பை மறுபடியும் எடுத்து உதறினார். ஒரு நுனியை என்னிடம் நீட்டினார். நாங்கள் அதைத் திரும்பவும் மடித்தோம்.

"சரி பிள்ளை" என்றார். "அப்பிடியே வாசியுங்கோ."

வெள்ளிக்கிழமை நான் அப்படியே வாசித்தேன். இந்த முறை யாரும் அழவில்லை, யாரும் கேள்வி கேட்கவில்லை. மன்னாரிலிருந்து வந்த அந்தப் பாட்டுக்காரனுக்கு உலகத்தில் நடந்த ஒரே இரங்கல் கூட்டம் எங்கள் ஐந்தாம் வகுப்பில் நடந்திருந்தது. ஒரு வாரம் கழித்து அதே இடத்தில் நின்று, அப்படி ஒருவன் இருக்கவேயில்லை என்று ஆகும்படி வாசித்து முடித்தேன். ஆசிரியை கைதட்டினார், வகுப்பு முழுவதும் கைதட்டியது. வீட்டுக்கு ஓடிவந்து அதை முதலில் மாமாவிடம்தான் சொன்னேன்.