கூட்டினால் ஒன்பது

என் மனைவியின் தம்பி, கூட்டுத்தொகை ஒன்பது வர வேண்டும் என்பதற்காகவே கடை கடையாக அலைந்து வாங்கியது அவனுடைய செல்போன் நம்பர். செங்கம் ரோட்டில் புது வீடு கட்டியவன், வழி கேட்க வசதியாக அதைக் கிரகப்பிரவேசப் பத்திரிகையில் போட்டான். அச்சகத்தில் புரூப் பார்க்கச் சொன்னார்கள். பத்து இலக்கங்களையும் கூட்டி, வந்ததை மறுபடி கூட்டினான். ஒன்பது. "கரெக்டா இருக்குங்க, அடிச்சிடுங்க" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டான்.

கிரகப்பிரவேசத்தன்று டிபன் பந்தியில் பாதி நாற்காலி காலி. சுற்றி அலைந்து ஒருவழியாக வந்து சேர்ந்த வேலூர்ச் சித்தப்பா வாசலிலேயே கத்தினார்: "வழி கேக்க போன் போட்டா, மல்லாட்டை எத்தனை மூட்டைன்னு கேக்கறான் எவனோ!" கீழ்பென்னாத்தூர் வேர்க்கடலை மண்டிக்காரர் ஒருவரைத்தான் விடிந்ததிலிருந்து எங்கள் சொந்தக்காரர்கள் எல்லாரும் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

பத்திரிகையை வாங்கிப் பார்த்தேன். நம்பரின் கடைசியில் 72 இருக்க வேண்டிய இடத்தில் 27 இருந்தது. இருபது வருஷமாகக் கணக்கு வாத்தியாராக இருக்கிற எனக்கு ரத்தம் கொதித்தது.

"எடம் மாத்திப் போட்டா கூட்டுத்தொகை மாறாதுடா! சரியான நம்பர்லேர்ந்து தப்பான நம்பரக் கழிச்சுப் பாரு, நாப்பத்தஞ்சு வரும். எப்படி மாத்தினாலும் வித்தியாசம் ஒன்பதாலதான் வகுபடும். கூட்டிப் பாத்து இந்தத் தப்பக் கண்டுபிடிக்கவே முடியாது!"

அவன் விரல் விட்டு நாலையும் அஞ்சையும் கூட்டினான். முகம் மலர்ந்துவிட்டது.

"தப்புலயும் ஒன்பதா மாமா? அப்ப வீடு ரொம்ப ராசிதான்."