கரண்ட் போனால் லூர்தெஸ்

பழனியம்மாள் இருந்தாள், நூல் சுற்றுகிற தார் மிஷினுக்குப் பக்கத்தில், சுவரில் முதுகைக் கொடுத்து. முருகேசன் இருந்தான், புது மாப்பிள்ளை, கையில் போன். பிட்டர் சின்னராசு இருந்தார், ஸ்பேனர் பையைத் தலைக்கு வைத்துப் படுத்தபடி. நான் இருந்தேன், வாசல்படியில். என் மனைவி ரோசலின் காலிப் பெட்டி ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு, அதன் மேல் உட்கார்ந்து படித்தாள்.

நேற்று மத்தியானம் வீட்டில் கரண்ட் போனது. பேன் நின்றது, பிரிட்ஜ் நின்றது. சத்தம் அடங்கியதும் என் மனசு தானாக இந்த ஆட்களை எண்ண ஆரம்பித்துவிட்டது. எண்ணி முடிப்பதற்குள் இன்வெர்ட்டர் கீச்சென்றது. பேன் சுற்றியது. இப்போது கரண்ட் போவதெல்லாம் ஒரு தும்மல் மாதிரிதான். ஆனால் எனக்கு அப்புறம் உட்கார முடியவில்லை. எழுந்து வாசலுக்குப் போனேன், வந்தேன். மறுபடி போனேன்.

அந்த வருசங்கள் உங்களுக்கும் ஞாபகம் இருக்கும். பகலில் பாதி நேரம் கரண்ட் இருக்காது. சூலூருக்குப் பக்கத்தில் ஒரு தறிக்குடோனில் நானும் ரோசலினும் தறி ஓட்டினோம். எங்கப்பன் காட்டு வேலைக்குப் போனவர். நான் ஆறாவதோடு நின்று தறிக்கு வந்தவன். மீட்டருக்குக் கூலி. தறி நின்றால் கூலியும் நின்றது. கரண்ட் போனதும் முதலில் காதில் ஒரு ஊமைச் சத்தம் வரும். அப்புறம் மூக்கு வேலை செய்யும். பாவு நூலில் காய்ந்த கஞ்சி வாசம், தறி எண்ணெய் வாசம், பழனியம்மாளின் வெற்றிலை வாசம். ஓடும்போது இதெல்லாம் தெரியாது. பேச்சும் கேட்காது. உதட்டைப் பார்த்துத்தான் பேசிக்கொள்வோம். தறிக்காரர்கள் எல்லாருக்கும் உதடு படிக்க வரும். நான் அதிகம் படித்தது அதுதான்.

ரோசலின் பிளஸ் டூ முடித்து வந்தவள். கல்யாணத்துக்கு அப்புறம் தபாலில் பி.ஏ. எழுதினாள். அதற்கும் அப்புறம் எம்.ஏ. அதில் ஒரு பேப்பர், வெளிநாட்டுக் கதைகளைத் தமிழில் படிப்பது. அவளுக்கு வந்தது பிரேசில் தேசத்து நாவல். கோயமுத்தூரில் ஞாயிற்றுக்கிழமை வகுப்பு எடுத்த டீச்சரம்மா சொல்லி அனுப்பியிருந்தார்கள். யார் பேசுகிறார்கள், யார் சோறு போடுகிறார்கள், யார் வாசலைத் தாண்டுகிறார்கள் என்று பார்த்துப் படிக்க வேண்டுமாம். ஆம்பளை பேசினால் பென்சிலால் ஒரு வட்டம். பொம்பளை பேசினால் ஒரு கோடு.

வீட்டில் எங்கே படிப்பது? ஷிப்ட் முடிந்து, சமைத்து, துவைத்து, புத்தகத்தைப் பிரித்தால் இரண்டாவது வரியில் தலை சாயும். அதனால் குடோனுக்கு எடுத்து வந்தாள். கரண்ட் போனதும் பெட்டியைக் கவிழ்த்து உட்கார்ந்தாள். முதல் நாள் மனசுக்குள் படித்தாள்.

"ஏங்கண்ணு, வாயத் தொறந்து படி. நாங்களும் சும்மாதான உக்காந்திருக்கறோம்" என்றாள் பழனியம்மாள்.

அப்படி ஆரம்பித்தது.

கதையில் லூர்தெஸ் என்று ஒருத்தி. எங்களுக்கு ஒன்றும் அன்னியமாக இல்லை. எங்கள் மாதா கோயில் தெருவிலேயே நான்கு லூர்து மேரி உண்டு. கதையில் அவளுடையது மழை பெய்யாத ஊர். மரவள்ளிக்கிழங்கு மாவில் அடை சுட்டு விற்கிறாள்.

"குச்சிக்கெழங்கா! அப்ப நம்ம சனந்தான், போ" என்றாள் பழனியம்மாள். பிரேசில் எந்தப் பக்கம் என்று அதற்கு மேல் அவள் கேட்கவில்லை.

லூர்தெஸின் புருசன் ஒஸ்மார், கரும்பு லாரி ஓட்டுகிறவன். குடிகாரன் இல்லை, அடிக்கிறவனும் இல்லை. வருவான், சாப்பிடுவான், கை கழுவுவான், படுப்பான். அவளிடம் ஒரு கேள்வி கேட்டதில்லை. சந்தையில், சாராயக்கடை வாசலில் அவன் பேச்சுக்கு வட்டம் வட்டமாகப் போட்டிருந்தாள் ரோசலின். வீட்டுக்குள் வந்தால் பக்கம் வெறுமையாகக் கிடந்தது.

"இந்தாளு நம்ம அண்ணன மாதிரியேங்க" என்றான் முருகேசன், என்னைப் பார்த்து.

எல்லாரும் சிரித்தார்கள். ரோசலினும் சிரித்தாள். நான் டீக்கடையிலும் பேசுவதில்லை, அந்த ஒஸ்மாராவது வெளியில் பேசுகிறான் என்று சொல்லலாமென்று வாய் வரைக்கும் வந்தது. சொல்லவில்லை.

அன்றிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. தறி ஓடும்போதும் ஒஸ்மார் ஞாபகம். அறுந்த இழையை முடிச்சுப் போடும்போது, இவனுக்கு என்ன ஆகப்போகிறது என்று ஓடும்.

ஒருநாள் ரோசலின் வீட்டில் நான்கு பக்கம் முன்னால் படித்துவிட்டாள். மறுநாள் வாசிக்கும்போது சிரிக்க வேண்டிய இடத்துக்கு முன்பே சிரித்தாள். பழனியம்மாள் பிடித்துக்கொண்டாள்.

"எங்கள உட்டுப்போட்டு முன்னால போய்ட்டயா அம்மணி? அதெல்லாம் ஆகாது. படிச்சா எல்லாரும் இருக்கறப்பத்தான் படிக்கோணும். சத்தியம் பண்ணு."

"அக்கா, எனக்குப் பரீட்சைங்க்கா."

"பரீட்சைக்கு இன்னும் நாளு கெடக்குதல்லொ. கரண்டு எங்க போயிரப்போகுது?"

கரண்ட் தினமும் போகத்தான் போகிறது, படிக்க நேரம் கிடைக்கும் என்பதுதான் அவள் சொன்னது. ரோசலின் சத்தியம் பண்ணினாள். புத்தகம் அன்றிலிருந்து பழனியம்மாளின் தார்க்கூடையில் இருந்தது. தறிக்கு ஊடை நூல் சுற்றிய குச்சிகளைத்தான் தார் என்போம். அந்தக் குச்சிகளுக்கு நடுவில், நூல் துண்டு ஒன்றை அடையாளம் வைத்து, லூர்தெஸ் படுத்திருந்தாள்.

கூலி போகிறதே என்று கரண்ட்டைத் திட்டிக்கொண்டிருந்த சனம், அது எப்போது போகுமென்று பார்க்க ஆரம்பித்தது. பிட்டர் சின்னராசு தூங்குகிற மாதிரி கிடப்பார். லூர்தெஸ் பஸ் ஏறின அன்றைக்குத்தான் கண்ணைத் திறந்தார்.

ஆமாம், லூர்தெஸ் பஸ் ஏறிவிட்டாள். ஒரு மத்தியானம். புருசனுக்குச் சோற்றைப் போட்டு, மேலே இன்னொரு தட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டு, கடலோரத்துப் பட்டணம் போகிற பஸ்ஸில் ஏறினாள்.

"ஒரு வார்த்த சொல்லாமயா போனா?" என்றான் முருகேசன். அவனுக்குக் கோபமே வந்துவிட்டது.

"கேட்டாத்தான சொல்லுவா" என்றாள் பழனியம்மாள்.

கரண்ட் வந்துவிட்டது. எல்லாரும் தறிக்கு ஓடினோம்.

அந்த வாரம் காற்று பிடித்தது. ஆனி மாதக் காற்று. பாலக்காட்டுப் பக்கமிருந்து வந்து சோளத்தட்டையெல்லாம் சாய்க்கிற காற்று. பல்லடம், உடுமலைப் பக்கம் காற்றாலைகள் சுற்றினால் எங்களுக்குக் கரண்ட் நிற்காது. ஒரு நாள் போகவில்லை. இரண்டு நாள் போகவில்லை. முழுக்கூலி. முதலாளிக்கு முகம் மலர்ந்தது. ரோசலினுக்கு முகம் சுருங்கியது. ஞாயிற்றுக்கிழமை பரீட்சை. மிச்சக் கதை கூடையில். சத்தியத்தை அவளும் மீறவில்லை, எடுத்துக்கொள் என்று இவர்களும் சொல்லவில்லை. எல்லாருக்கும் சேர்ந்து கேட்க ஆசை.

வியாழக்கிழமை பதினோரு மணி இருக்கும். தறி எல்லாம் ஒரேயடியாக நின்றது. காதில் ஊமைச் சத்தம் வரவில்லை. பக்கத்துக் குடோன் தடதடவென்று ஓடிக்கொண்டிருந்தது.

கரண்ட் போகவில்லை என்று எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. மெயின் போர்டில் ப்யூஸ் கம்பி மாட்டுகிற பீஸ் கட்டை இருந்த இடம் ஓட்டைப் பல் மாதிரி இருந்தது. பழனியம்மாள் கூடையிலிருந்து புத்தகத்தை எடுத்து நீட்டினாள்.

"கரண்டு போயிருச்சு. படி கண்ணு."

அன்றைக்குச் சுற்றின தாருக்குத்தான் அவளுக்கும் கூலி.

ரோசலின் கத்திக் கத்திப் படித்தாள். பாதி காதில் விழுந்தது, மீதியை உதட்டில் பார்த்தோம். ஒஸ்மார் வீட்டுக்கு வந்தான். கவிழ்த்த தட்டைப் பார்த்தான். எடுத்துச் சாப்பிட்டான். அவள் பேரைச் சொல்லி ஒரு தடவை கூப்பிட்டான். ரோசலின் நிறுத்தி, பென்சிலை எடுத்து, ஒரு வட்டம் போட்டாள். பிறகு அவன் தட்டைக் கழுவி வைத்தான். கதவைத் திறந்து வைத்துவிட்டு நாற்காலியை வாசலைப் பார்த்துப் போட்டு உட்கார்ந்தான்.

அந்த இடத்தில் முதலாளி வண்டி வந்து நின்றது.

"அக்கட்டால தறி ஓடுது. இங்க என்னப்பா?"

"பீஸ் போயிருச்சுங்க" என்றாள் பழனியம்மாள்.

"பீஸ் போனாக் கட்டையுமா போவும்?"

பிட்டர் சின்னராசு மறுபடி தூங்கிப்போயிருந்தார். முதலாளி ரோசலின் கையில் இருந்த புத்தகத்தைப் பார்த்தார்.

"என்னம்மா அது?"

"பரீட்சைக்குங்க."

"படிக்கறதுன்னா ஊட்ல படிக்கோணும். தறிய நிறுத்திப்போட்டுப் படிக்கறதுக்கு இது என்ன காலேஜா?"

பழனியம்மாள் கூடைக்குள் கையை விட்டுத் துழாவினாள். "அட, தாருக்கு நடுவால கெடக்குதுங்க மொதலாளி. எப்புடித்தான் உழுந்துதோ" என்று பீஸ் கட்டையை எடுத்துக் கொடுத்தாள். முதலாளிக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஆனாலும் போகும்போது சொன்னார், இன்னொரு தடவை தறி நின்றால் பழனியம்மாள் வர வேண்டியதில்லை என்று.

சாயங்காலம் பழனியம்மாள் புத்தகத்தை ரோசலினிடம் கொடுத்தாள். "எடுத்துட்டுப் போ. படிச்சுப்போட்டுப் பரீட்ச எழுது. எங்களுக்கு அப்பறமாப் படிச்சுக் காட்டு. எல்லாரும் இருக்கறப்ப."

ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் ராத்திரிகளில் அவள் புத்தகத்தின் மேல் தூங்கினாள். கடைசியில் பரீட்சைக்குப் போகிற பஸ்ஸில்தான் படித்தாள். நான் துணைக்குப் போனேன், சோற்றுப் பொட்டலத்தோடு. அவளுக்கு மனசுக்குள் படிக்க மறந்திருந்தது. சத்தம் இல்லாமல் உதடு அசைந்தது. எனக்கு உதடு தெரியும். ஒஸ்மார் என்று ஒரு தடவை பார்த்துவிட்டேன். சட்டென்று முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பினேன். சிங்காநல்லூர் வரைக்கும் வெளியில்தான் பார்த்தேன். கழுத்து வலித்தது. எல்லாரும் இருக்கும்போது என்பது எனக்கும் சேர்த்துத்தானே.

பரீட்சை முடிந்து வெளியில் வந்தாள்.

"என்ன கேட்டிருந்தாங்க?" என்றேன்.

அவள் அப்படியே நின்றாள். "கேட்டுப்போட்டீங்களே!" என்று சிரித்தாள். "ஒஸ்மாரப் பத்தித்தானுங்க. அவம் பேசாத பேச்சப் பத்தி எழுதச் சொல்லியிருந்தாங்க. நாலு பக்கம் எழுதினேன். மிச்சக் கதையச் சொல்லட்டுங்களா?"

"வேண்டாம். எல்லாரும் இருக்கறப்ப."

காற்று ஓயும் வரைக்கும் கரண்ட் போகவில்லை, மிச்சக் கதைக்கு எல்லாரும் ஒன்றாக உட்கார வாய்க்கவில்லை; அதற்குள் தேறிவிட்டாள். அப்புறம் தாராபுரத்தில் மாதா கோயில் சாமியார் நடத்துகிற ஒரு பள்ளிக்கூடத்தில் தமிழ் டீச்சர் வேலை. ஹாஸ்டலையும் பார்த்துக்கொள்ள வேண்டும், அங்கேயே தங்கல். முதல் நாள் பஸ் ஏறும்போது, "வாரேனுங்க" என்றாள். நான் தலையாட்டினேன். வீட்டுக்கு வந்தால் சோறு மூடி வைத்திருந்தது. சாப்பிட்டேன். தட்டைக் கழுவி வைத்தேன். அதற்கப்புறம் என்ன செய்வதென்று தெரியவில்லை, கதை எனக்கு அவ்வளவுதான் தெரியும்.

சனிக்கிழமை வந்துவிட்டாள். இன்றைக்கும் சனிக்கிழமைதோறும் வருகிறாள். ஆனாலும் சனிக்கிழமை மத்தியானத்திலிருந்து எனக்குக் கால் தரிக்காது.

முருகேசன் திருப்பூருக்குப் போய்விட்டான், பனியன் கம்பெனி. சின்னராசு மேட்டுப்பாளையத்தில் மகள் வீட்டில் இருக்கிறார், காது சுத்தமாகப் போய்விட்டதாம். பழனியம்மாள் போன தை மாதம் செத்துப்போனாள். சாவுக்கு, கதை கேட்டவர்களில் மிச்சமான மூன்று பேரும் ரோசலினும் போனோம். அங்கே எப்படிக் கதையைப் பற்றிப் பேசுவது? குடோன் இருந்த இடத்தில் இப்போது டைல்ஸ் கடை. கரண்ட்டும் முன்னைப்போல் போவதில்லை.

நேற்று பீரோவைத் திறந்து புத்தகத்தை எடுத்தேன். நூல் துண்டு குடோனில் நாங்கள் நிறுத்திய அதே இடத்தில் இருந்தது. படிக்கவில்லை. நூல் இருந்த பக்கம், கடைசிப் பக்கம், இரண்டின் எண்ணை மட்டும் பார்த்துக் கழித்தேன்.

மிச்சம் முப்பத்தெட்டுப் பக்கம்.