என் கை தவறவில்லை

சவரக்கத்தியின் கூரைக் கண்ணால் பார்த்துச் சொல்கிறவன் பொய்யன். கட்டைவிரல்தான் சொல்லும். கத்தியின் வாய்க்குக் குறுக்கே விரல் நுனியை மெதுவாக இழுக்க வேண்டும். வழுக்கிக்கொண்டு போனால் மழுங்கல். பறபறவென்று பிராண்டினால் பிசிறு. கல்லில் தேய்த்ததோடு நிறுத்திவிட்டான் என்று அர்த்தம். தொழிலுக்குப் புதியவன் அந்தப் பிசிறைத்தான் கூர் என்று நம்பி ஆளைக் கிழிப்பான். தோல்வாரில் நன்றாக இழுத்து இழுத்துத் தீட்டியபின் விரல் ரேகைகளை ஒவ்வொன்றாகப் பிடித்துப் பிடித்து விடும் பாருங்கள், அதுதான் கூர். அந்தக் கூர் பட்டால் தோலுக்கே தெரியாது. ரத்தம் வந்து சொன்னால்தான் உண்டு.

இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை. வயிற்றெரிச்சலில் சொல்கிறேன்.

மல்லசமுத்திரத்தில் எனக்குச் சலூன். கடையில் இப்போது எல்லாருக்கும் புது பிளேடு மாட்டுகிற பிடிதான். சாவுக்கு மொட்டையடிக்க மட்டும் பழைய மடக்குக் கத்தி. பக்கத்து ஊர்த் தோட்டத்துக்காரர் ஒருவர் செத்தபோது, மகன்கள் இரண்டு பேருக்கும் மொட்டையடிக்க என்னைக் கூப்பிட்டார்கள். காலையிலேயே கத்தியைத் தீட்டி, விரலில் பார்த்து, எடுத்துக்கொண்டு சுடுகாட்டுக்குப் போனேன்.

மூத்த மகனை உட்காரவைத்துப் பாதித் தலை சிரைத்திருப்பேன். இளையவர் குடித்துவிட்டு வந்து அண்ணன் எதிரில் நின்றார்.

"கடைசி மூணு வருசம் எங்கய்யனுக்குப் பீ மூத்திரம் அள்ளுனது நானு. கொள்ளி வெக்க மட்டும் நீ வந்துட்டியா?"

"மூத்தவன் நானிருக்கறப்ப நீ எப்படிறா வெப்ப? அக்கட்டால போடா, குடிகார நாயே!"

அவ்வளவுதான். இளையவர் அண்ணனின் நெஞ்சில் எட்டி உதைத்தார். மூத்தவர் எழுந்து தம்பியின் மூக்கில் விட்டார் ஒரு குத்து. எலும்பு உடைந்த சத்தம் எனக்கே கேட்டது. விலக்க வந்த பங்காளிகள் ஆளுக்கொரு பக்கம் சேர்ந்துகொண்டு விறகுக் கட்டையால் அடித்துக்கொண்டார்கள். பெற்றவர் பிணமாகக் கிடக்கிறார், அவரைச் சீண்ட ஆளில்லை. நான் கத்தியை மடக்கப் போனேன். இளையவர் என் மணிக்கட்டைக் கடித்துக் கத்தியைப் பிடுங்கி, அண்ணன்மேல் ஒரே வீச்சு வீசினார்.

மூத்தவர் அப்போதும் தம்பியின் பெண்டாட்டியைப் பேச்சில் இழுத்து வைதுகொண்டே நின்றார். அவருக்குத் தெரியவில்லை. காதுக்குக் கீழிருந்து கழுத்து திறந்திருந்தது.

"சாமி, கழுத்துங்க!" என்று அலறினேன். அதற்குப் பிறகுதான் ரத்தம் பீறிட்டது. நான் தீட்டிய கூர் அது.

என் துண்டைச் சுருட்டிக் காயத்தில் அழுத்தினேன். வண்டியில் ஆஸ்பத்திரி போய்ச் சேரும்வரை கையை எடுக்கவில்லை. "உட்றாத சாமி, உட்றாத" என்று மூத்தவர் என் சட்டையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கெஞ்சினார். பிழைத்துக்கொண்டார்.

மறுநாள் போலீஸ் வந்து என்னை இழுத்துக்கொண்டு போனது. மொட்டையடிக்கும்போது நாவிதனுக்குக் கை தவறிவிட்டது என்று வாக்குமூலம் கொடுத்திருந்தார்கள். யார் கொடுத்தது? அந்த மூத்தவரேதான்! தம்பி ஜெயிலுக்குப் போனால் குடும்ப மானம் போய்விடுமாம். என் மானம் எந்தக் குப்பையில் போனால் இவர்களுக்கு என்ன?

"கை தவறலைங்க. நான் பின்னால நின்னேனுங்க, வெட்டு முன்னாலிருந்து வந்துதுங்க" என்றேன். இன்ஸ்பெக்டர் அறைந்தார். மறுபடியும் அதையே சொன்னேன். இரண்டாவது அறையில் பல் ஆடியது. பிறகு பங்காளிகள் இரண்டு பேர் உள்ளே வந்தார்கள்.

"கை தவறிருச்சுன்னு கையெழுத்துப் போட்டுட்டு ஊட்டுக்குப் போப்பா. இல்லீன்னா அந்தக் கையே உனக்கு இருக்காது."

என் மனைவி வாசலில் நின்று அழுதுகொண்டிருந்தாள். போட்டேன். த்தூ! தொழிலுக்கு வந்த நாளிலிருந்து ஒரு கழுத்தில் கீறல் விடாத கை, தவறியது என்று தானே எழுதிக் கொடுத்தது.

கேஸ் இல்லை என்று முடித்துக் கத்தியைத் திருப்பித் தந்தார்கள். கடைக்கு ஆள் வருவது நின்றது. சிறு பிள்ளைக்கு முடி வெட்டக்கூட, "அவன்கிட்ட வேண்டாம், கை தவறும்" என்று அடுத்த கடைக்குக் கூட்டிப் போனார்கள். பழி ஓரிடம், பாவம் ஓரிடம். வெறும் நாற்காலியைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

பல மாதம் கழித்து அந்த மூத்தவர் கடைக்குள் வந்தார். தழும்பின் மேடு பள்ளத்தைச் சுற்றித் தாடி முளைத்திருந்தது. மற்ற கடைகளில் இரண்டு முறை கிழித்துவிட்டார்களாம்.

"உன்ற பழைய கத்தியிலயே பண்ணுப்பா. உன்ற கைக்கு ஈடு வராது" என்று சாய்ந்து, கண்ணை மூடி, கழுத்தை நீட்டினார்.

உன்ற கைக்கு ஈடு வராதாம்!

கத்தியை எடுத்துத் தீட்டினேன். கல்லில், பிறகு வாரில். கட்டைவிரலை இழுத்துப் பார்த்தேன். ரேகை ரேகையாகப் பிடித்தது. தழும்புக்குப் பக்கத்தில் அவர் நரம்பு துடித்துக்கொண்டிருந்தது. கத்தியை அந்த இடத்தில் வைத்தேன். ஒரே இழுப்புப் போதும், தோலுக்கே தெரியாது.

கத்தியை மடக்கினேன்.

"எந்திரிங்க."

"ஏம்ப்பா, கூரு இல்லியா?"

"கூரெல்லாம் இருக்குதுங்க. நீங்க போயிருங்க. இன்னிக்கு நெசமாவே கை தவறீரும்."