உள்முகக் கிளாக்கர்

உரும்பிராயில் தனியே இருந்தவர்கள் பலர். ஏன் தனியே இருக்கிறோம் என்பதற்குச் சாத்திரப்படி விளக்கம் வைத்திருந்தவர் பஞ்சலிங்கம் ஒருவர்தான்.

அரசாங்கக் கச்சேரியில் கிளாக்கர் உத்தியோகம். நாற்பது தாண்டியும் கலியாணமில்லை. தாய் கண்மூடிய பிறகு அந்த வீட்டில் சைக்கிள் மணியைத் தவிர வேறு சத்தமில்லை. அதையும் அவரே அடிக்கவேண்டியிருந்தது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தாறாம் ஆண்டில் ஏரம்புப் பரியாரி நாடி பிடித்து, "உமக்குப் பித்த உடம்பு, தனிய இருந்தால்தான் ஆறும்" என்றார். அடுத்த வருடம் கொழும்பிலிருந்து வந்த ஒரு சஞ்சிகை, மனித மனம் உள்முகம், வெளிமுகம் என இரு வகைப்படும் என்றது. சிந்தனை, உணர்ச்சி, புலன், உள்ளுணர்வு என்ற நான்கில் ஒன்றை முன்னே விட்டுத்தான் எந்த மனமும் நடக்குமாம். கீழே கேள்விகள். மாலையைத் தனியே கழிப்பீரா? ஓம். கூட்டத்தில் வாய் திறப்பீரா? இல்லை. முடிவு: உள்முகச் சிந்தனையாளர். தனிமை தன் குற்றமல்ல, குணம் என்று அச்சிலேயே வந்துவிட்டது. அன்று பஞ்சலிங்கம் ஒரு பிடி சோறு கூடவே உண்டார்.

உள்முகக்காரர் அதை உள்ளேயே வைத்திருக்கலாம். அவரோ சந்தித் தேத்தண்ணிக் கடையில் ஆள் சேர்த்து, சனத்தோடு இருந்தால் தன்னைப் போன்றவர்கள் களைத்துப்போவார்கள் என்பதை வெகுநேரம் களைக்காமல் விளக்கினார்.

பக்கத்து வளவுத் தம்பிஐயா கேட்டார்: "அப்ப நான் என்ன இன மாடு, கிளாக்கர்?"

"வெளிமுகம். உணர்ச்சி முன்னுக்கு."

"ஓமோம், மனுசி வெளியிலைதானே விட்டிருக்கிறாள்!"

கடை சிரித்தது. ஆனால் கிளாக்கர் சொன்னதை ஒருவரும் மறக்கவில்லை.

ஆனியில் தம்பிஐயாவின் மகள் இராசமலருக்குக் கலியாணம். எங்கள் பக்கத்தில் செத்தவீட்டுக்குத் தானாகப் போகலாம். கலியாணத்துக்கு வீட்டுக்காரர் நேரில் வந்து சொல்லவேண்டும். தம்பிஐயா ஒழுங்கையில் வீடு வீடாக ஏறி இறங்கினார். பஞ்சலிங்கத்தின் படலையை மட்டும் தாண்டிப் போனார். சின்னதில் அவருடைய சைக்கிள் பாரில் ஏறித் திரிந்த பிள்ளைக்குத்தான் கலியாணம்.

கலியாணத்துக்கு முதல் நாள் தம்பிஐயாவின் மனைவி பூரணம், சோறு சமைக்கப் பெரிய கிடாரம் இரவல் வாங்க வந்தாள்.

"அண்ணை, உங்களுக்குச் சனம் ஒத்துவராதாம். சொல்லிக் கரைச்சல் குடுக்கக்கூடாதெண்டு இவர் சொன்னவர். சாப்பாடு அனுப்புறன், ஆறுதலாய் இருந்து சாப்பிடுங்கோ."

குத்தலாய்ச் சொல்லியிருந்தால் திருப்பிக் கொடுத்திருப்பார். அவள் மெய்யான அக்கறையோடு சொன்னாள். கிடாரத்தைத் துடைத்தபடி பஞ்சலிங்கம் யோசித்தார். தனியே கழிப்பீரா என்றுதான் கேட்டிருந்தது. அதற்கு விருப்பமா என்று சஞ்சிகை கேட்கவில்லை, ஊரும் கேட்கவில்லை.

"பூரணம், அதிலை நான் பிழை விட்டிட்டன். எனக்குச் சனம் பிடிக்கும்."

சொன்னபோது காது சுட்டது. அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். "ஐயோ அண்ணை, இதை முந்தியே சொல்லியிருக்கலாமே! நான் சொன்னால் முறையில்லை, இவரை அனுப்புறன்."

தம்பிஐயா பந்தல் தூசியோடு ஓடிவந்து கலியாணத்துக்குச் சொன்னார். மறுநாள் பஞ்சலிங்கமும் சால்வை போட்டுக்கொண்டு போனார்.

ஊர் பண்பான ஊர். அவரைக் கண்டதும் சனம் விலகி வழிவிட்டது. "கிளாக்கருக்கு இரைச்சல் ஆகாது" என்று யாரோ பின் அறையில் பாய் போட்டு, தனி இலை வைத்துப் பரிமாறி, கதவையும் சாத்திவிட்டுப் போனார். போட்ட சோற்றை வைத்துவிட்டு எழும்பினால் வீட்டுக்காரருக்கு அவமானம். கதவுக்கு அப்பால் ஆட்கள் சிரிக்கும் சத்தத்தைக் கேட்டபடி, கறி பாயசம் எல்லாவற்றையும் விழுங்கித் தீர்த்தார்.

பிறகு கை கழுவி, நேரே பந்தலுக்கு வந்து, அடுத்த பந்தியில் இரண்டு பேருக்கு நடுவே நெருக்கிக்கொண்டு இருந்தார்.

"கிளாக்கர், இப்பதானே சாப்பிட்டனீர்?" தம்பிஐயா கண்ணை விரித்தார்.

"ஓம். இன்னும் கொஞ்சம் போடச் சொல்லும்."

மூச்சு முட்ட முட்ட, பக்கத்து ஆளோடு மழையைப் பற்றிக் கதைத்துக்கொண்டே அந்த இலையையும் முடித்தார்.

அதன்பிறகு ஊரில் எந்த நல்ல காரியத்துக்கும் அவருக்குச் சொல்லாமல் விட்டதில்லை. மனுசன் சாப்பாட்டுப் பிரியன், உள்முகமெல்லாம் சும்மா கதை என்று முடிவு கட்டினார்கள். பஞ்சலிங்கம் மறுக்கவில்லை. வயிறு மட்டும் மறுத்தது. அதற்குப் பரியாரியிடம் சூரணம் வாங்கிக்கொண்டார்.