வாய் நிறையத் தண்ணீர்

பல் மருத்துவமனையின் வரவேற்பு மேஜையில் வருடக்கணக்காக உட்கார்ந்தால் யாருக்கும் ஒரு கெட்ட பழக்கம் ஒட்டிக்கொள்ளும். ஊசி போட்டுக்கொண்டு வெளியே வருகிறவர் பாதி வாய் மரத்துப்போய், கன்னத்தில் பஞ்சோடு, "ம்ம்... அழ்ழ... எழ்ழ..." என்று திணறுவார். அவர் முடிக்கும்வரை காத்திருந்தால் பின்னால் வரிசை வாசலைத் தாண்டிவிடும். "அடுத்து எப்ப வரணும், அதானே? வியாழக்கிழமை வாங்க. சூடா எதுவும் குடிக்காதீங்க, பஞ்சைத் துப்பிடாதீங்க" என்று கேள்வியையும் தானே முடித்து, பதிலையும் தானே சொல்லி அனுப்பிவிடுவாள் அந்த மேஜையில் இருக்கும் அக்கா. வந்தவர்கள் அவளைக் கையெடுத்துக் கும்பிடாத குறை.

அந்த வித்தையை மேஜை இழுப்பறையில் பூட்டிவிட்டு வீட்டுக்குப் போயிருந்தால் வம்பே இல்லை. அக்கா அதையும் கைப்பையில் போட்டுக்கொண்டு போனாள். பால்காரர், மாடி வீட்டுக்காரி, ராங் நம்பரில் கூப்பிட்டவர், யார் வாயைத் திறந்தாலும் மீதியை அவளே முடித்துவைத்தாள். அதிகம் மாட்டிக்கொண்டது அவளைக் கட்டிய வீட்டுக்காரர். அவர் நகரப் பேருந்து ஓட்டுநர். 'ஓட்டுநரிடம் பேசாதீர்கள்' என்ற பலகைக்குக் கீழே பகல் முழுக்க வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்துவிட்டு வருகிற மனிதர், வீட்டிலாவது நாலு வார்த்தை பேசலாம் என்று "அது வந்து..." என்பார். அதற்குள் அக்கா அந்த வாக்கியத்தின் கடைசி நிறுத்தத்தில் இறங்கி நின்றுகொண்டிருப்பாள்.

"இவ்ளோ நல்லா பேசறீங்களே, இதுக்குன்னே ஒரு படிப்பு இருக்கு தெரியுமா?" என்று பல் கட்ட வந்த ஒருத்தி கொளுத்திப் போட்டாள். பற்றிக்கொண்டது. நாற்பது தாண்டிய வயதில் அக்கா மாலைக் கல்லூரியில் தொடர்பியல் பட்டப்படிப்புக்குச் சேர்ந்தாள். கூடப் படித்ததெல்லாம் மகள் வயசுப் பிள்ளைகள். மேடைப் பேச்சு, செய்தி வாசிப்பு, விளம்பரம் எல்லாவற்றிலும் வெளுத்து வாங்கினாள். பட்டம் இதோ அதோ என்றிருந்த நேரத்தில் குறுக்கே வந்து நின்றது நேர்காணல் செய்முறை. யாராவது ஒருவரைப் பேச வைத்துப் பதிவு செய்து கொடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

மருத்துவமனையில் பல் செட் செய்கிறவரைப் பிடித்து உட்காரவைத்துப் பேட்டி எடுத்தாள். பாடம் நடத்துகிற மேடம் அதை வகுப்பில் ஓடவிட்டார். முடிந்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே கேட்டார்:

"பேட்டி பிரமாதம். அவர் எப்ப பேசுவார்?"

வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது. அக்காவும் கூடச் சேர்ந்து அசடு வழிந்தாள்.

"'சின்ன வயசுல எனக்கு...'ன்னு அவர் ஆரம்பிக்கிறார். 'பல்லுன்னாலே பயம், அதானே?'ன்னு நீங்க முடிக்கிறீங்க. அதான் உண்மையான்னு கேட்டீங்களா?"

கேட்கவில்லை. மறுநாள் கேட்டபோது, சின்ன வயதில் தனக்குச் சிலை செதுக்க ஆசை என்று சொல்ல வந்ததாகச் சொன்னார் அந்த மனிதர். 'இப்போதாவது கேட்டாயே' என்ற முகத்தோடு சொன்னார்.

"திங்கட்கிழமைக்குள்ள புதுசா ஒண்ணு கொடுங்க. இல்லைன்னா இந்த வருஷம் பட்டம் கிடையாது" என்று மேடம் வகுப்பிலேயே கறாராகச் சொல்லியிருந்தார்.

அக்காவின் முகத்தில் ஈயாடவில்லை. வாயால் பிழைக்கிறவள் வாயாலேயே ஃபெயில் ஆவதா? மேடைப் பேச்சென்றால் இன்னொரு தரம் பேசிவிடலாம். சும்மா இருப்பதை எங்கே போய்ப் பழகுவது? உண்மையாகவே பயந்துபோனாள்.

சனிக்கிழமை வழி கிடைத்தது. சிகிச்சை நாற்காலியில் ஒருவர் டாக்டரைத் திட்ட வாயெடுத்தார். நர்ஸ் காகிதக் கோப்பையை நீட்டி, "கொப்பளிங்க" என்றாள். வாய் நிறையத் தண்ணீர் போனதும் ஆள் கப்சிப். கண்ணால் மட்டும்தான் திட்ட முடிந்தது. அக்கா டாக்டரிடம் கேட்டு ஒரு கோப்பையை வீட்டுக்கு வாங்கிப்போனாள்.

ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேஜையில் வீட்டுக்காரரை உட்காரவைத்தாள். நடுவில் போனை வைத்துப் பதிவைத் தட்டினாள். "உங்க வேலையில மறக்க முடியாத நாள் எது?" என்று கேட்டுவிட்டு, கோப்பையை அப்படியே வாயில் கவிழ்த்துக்கொண்டாள்.

"அது வந்து..." என்றவர் வழக்கம்போல நிறுத்திக் காத்திருந்தார். ஒன்றும் வரவில்லை.

"என்னம்மா, பல் வலியா?"

உப்பிய கன்னங்களோடு அக்கா தலையாட்டி மறுத்தாள்.

"என்மேல ஏதாவது கோவமா?"

இல்லை இல்லை, பேசுங்கள் என்று கையால் போனைக் காட்டினாள். மனிதர் திருதிருவென விழித்தார். இத்தனை காலிச் சாலையை அவர் அந்த வீட்டில் பார்த்ததே இல்லை. மெதுவாக நகர்த்தினார்.

"ஒரு நாள் சாயங்காலம் வந்து, 'டிப்போல இன்னைக்கு என்னை...'ன்னு ஆரம்பிச்சேன். 'மறுபடி நைட் டியூட்டி போட்டுட்டாங்களா?'ன்னு நீ முடிச்ச. ஞாபகம் இருக்கா?"

நன்றாக ஞாபகம் இருந்தது. டிப்போ மேனேஜரை அன்றைக்கு ஒரு பிடி பிடித்திருந்தாள்.

"நைட் டியூட்டி இல்லம்மா. அந்த வருஷத்தோட நல்ல டிரைவர்னு என்னைத் தேர்ந்தெடுத்திருந்தாங்க. வீட்ல இருக்கிறவங்களைக் கூட்டிட்டு வாங்கன்னாங்க. நான் தனியா போய் ஷீல்டு வாங்கினேன். இப்ப டிப்போ ஓய்வறைக் கதவு சாத்திக்காம இருக்க அதைத்தான் முட்டுக்கொடுத்திருக்கோம்."

ஏன் சொல்லவில்லை என்ற கேள்வி அக்காவின் தொண்டைவரை வந்து தண்ணீரில் முட்டி நின்றது. கண் கேட்டுவிட்டது.

"சொல்லத்தான் நினைச்சேன். ஆனா எனக்காக அந்த மேனேஜரை நீ திட்டின பாரு, அடுப்புல பால் பொங்கினதுகூடத் தெரியாம! எனக்காக அவ்ளோ கோவப்பட யாரும் இருந்ததில்ல. ஷீல்டைவிட அது நல்லா இருந்துச்சு. கெடுக்க மனசு வரல."

அக்காவுக்கு வெட்கமாக இருந்தது. அழுகை வந்தது. போதாக்குறைக்குச் சிரிப்பும் வந்தது. மூன்றையும் தண்ணீரோடு சேர்த்து அடக்கிக்கொண்டாள்.

"இன்னொண்ணு. நீ பட்டம் வாங்கற அன்னைக்கு நான்..." என்று நிறுத்தினார் அவர்.

'லீவு கிடைக்காது, அதானே?' அக்காவிடம் முடிவு தயாராக இருந்தது. கன்னம் விண்விண்ணென்று வலித்தது. விட்டுக்கொடுக்கவில்லை.

"...கூட்டத்துல எழுந்து நின்னு ஒரு தடவை சத்தமா கத்தணும். பஸ்ல ஹாரன்தான் அடிக்க முடியுது."

மடக்கென்று விழுங்கினாள் அக்கா.

திங்கட்கிழமை மேடம் முழுவதையும் கேட்டார். "உங்க கேள்வி ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு. கடைசியில மடக்னு ஒரு சத்தம் வருதே, அது என்ன?"

"நான் சொல்ல வந்தது, மேடம்."

மேடம் சிரித்துக்கொண்டே மதிப்பெண் போட்டார்.

பட்டமளிப்பு அன்று அக்கா கறுப்பு அங்கியில் மேடையேறினாள். கடைசி வரிசையில், டிப்போவிலிருந்து நேராகச் சீருடையோடு வந்திருந்தவர் எழுந்து நின்றார்.

"அங்க நிக்கிறது..." என்று கத்தினார்.

அரங்கமே திரும்பியது. அத்தனை முகங்களைப் பார்த்ததும் அவர் வாக்கியம் பாதியில் பிரேக் போட்டு நின்றது. பட்டத்தை நீட்டிய கை அந்தரத்தில் நின்றது. மேடமும் வகுப்புப் பிள்ளைகளும் அக்காவையே பார்த்தார்கள். அந்த வாக்கியத்தின் மீதி அவள் நாக்கு நுனியில் இருந்தது. எதிரே மைக்கும் இருந்தது.

அக்கா காத்திருந்தாள்.

"...என் பொண்டாட்டி!" என்றார் அவர், கூரை அதிர.

அன்று அவள் வாயில் ஒரு சொட்டுத் தண்ணீர்கூட இல்லை.