லோகா உருட்டிய கயிறு

லோகா போய்விட்டாள்.

காலையில் அவள் மகள் போன் செய்தாள். "ஆன்ட்டி... அம்மா தூக்கத்துலயே..."

இதைப் படிக்கிற பலருக்கு அவளைத் தெரியாது. எங்கள் தேயிலை எஸ்டேட்டில் கொழுந்து வெட்டிக்கொண்டிருந்தவள். ஒரு சமயம் நானும் அவளும் ஒன்றரை வருடம் பழங்காலப் பானை ஆராய்ச்சியில் வேலை செய்தோம். சிரிக்காதீர்கள், உண்மைதான்.

கோலா தெர்லா ஊரைத் தாண்டி மலை இறங்கினால் ஒரு குகை. அங்கே தோண்டி எடுத்த பானைச் சில்லுகளை எங்கள் எஸ்டேட்டில் முன்பு வேலைக்காரர்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொண்ட பழைய பிள்ளைக் கொட்டகைக்குக் கொண்டுவந்தார்கள். கீழே வெக்கை தாங்கவில்லையாம். லோகா கழுவுவாள். நான் படம் எடுத்து, பையில் நம்பர் எழுதுவேன். எங்களுக்கு மேலே ஒரு டாக்டரம்மா, ஈப்போ ஊர்க்காரர். ஊசி போடுகிற டாக்டர் இல்லை, பானை படித்த டாக்டர்.

அந்தக் காலத்தில் பலகையில் கயிற்றைச் சுற்றி, ஈரப் பானையின் மேல் தட்டியிருக்கிறார்கள். அதுதான் அலங்காரம். கயிறு எப்போதோ மக்கிப் போய்விட்டது... தடம் மட்டும் மண்ணில் இருக்கிறது.

ஜன்னல்களில் கம்பளியைத் தொங்கவிட்டுப் பகலையே இருட்டாக்குவோம். டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்தால், மொட்டையாகக் கிடந்த சில்லில் வரிகள் மெல்ல மெல்ல எழும்பி வரும். கம்பளிக்கு வெளியே மூடுபனி. உள்ளே நாங்கள் மூச்சைக்கூட மெதுவாகத்தான் விடுவோம்.

ஒரு நாள் ஒரு சில்லின் உள்பக்கத்தில் விரல் அழுத்திய குழி தெரிந்தது. லோகா தன் விரலை அதில் வைக்கப் போனாள். வைக்கவில்லை.

"இப்பதான்டி கைய எடுத்துருக்கா," என்றாள். "இன்னும் ஈரமா இருக்கும் போல."

அப்புறம் அந்தத் திங்கட்கிழமை வந்தது.

குகையில் கீழ் அடுக்கு பழையது, மேல் அடுக்கு பிந்தியது. கீழ் அடுக்குச் சில்லுகளில் கயிற்றின் முறுக்கு ஒரு பக்கம் சாய்ந்திருக்கும், மேல் அடுக்கில் மறுபக்கம். அதுவரை மாறாமல் அப்படியே வந்தது. அன்று கீழ் அடுக்குப் பையில் பதினொரு சில்லுகள் மறுபக்கம் சாய்ந்திருந்தன.

டாக்டரின் முகம் வாடிவிட்டது. "கழுவும்போது கலந்துருச்சு லோகா. இனி அந்தக் குகையில தோண்டி எடுத்த எதையும் நம்ப முடியாது. நீங்க கொஞ்ச நாளைக்கு எதையும் தொட வேணாம்."

"நான் கலக்கல டாக்டர். ஒரு பை முடிஞ்சாதான் அடுத்த பைய பிரிப்பேன்."

நான் அங்கேதான் நின்றேன். ஒருவேளை நான் நம்பரை மாற்றி எழுதியிருந்தால்? அந்தப் பயத்தில் வாயே திறக்கவில்லை.

லோகா வெளியே போகவில்லை. பழைய தடத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க நாங்கள் செய்து மேசை மேல் வைத்திருந்த சோதனைக் கயிறுகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதெல்லாம் நான் நாரைத் தொடையில் வைத்து வலது கையால் உருட்டியது. லோகாவுக்குச் சாப்பிடுவது, கத்தி பிடிப்பது எல்லாமே இடது கை. என்னைக் காட்டிச் சொன்னாள்:

"மல்லி உருட்டுனா இந்தப் பக்கம் சாயுது. நான் ஒரு வாட்டி உருட்டிப் பாக்குறேன் லா."

தரையில் உட்கார்ந்து கைலியை முழங்காலுக்கு மேல் சுருட்டிக்கொண்டாள். இடது தொடையில், இடது கையால் நாரை உருட்டினாள். கயிற்றைப் பலகையில் சுற்றி, ஈர மண்ணில் ஒரு தட்டு.

டார்ச் பிடித்தேன். அந்தப் பதினொன்றைப் போலவே வரி மறுபக்கம் சாய்ந்திருந்தது.

டாக்டர் டார்ச்சை வாங்கித் தானே பிடித்துப் பார்த்தார். பிறகு, "இது மட்டும் ஆதாரம் ஆகாது லோகா. மண்ணைப் பாக்கணும்," என்றார்.

கீழ் அடுக்குப் பானை மண்ணில் வெள்ளைக் கல்லை இடித்துக் கலந்திருப்பார்கள். மேல் அடுக்கில் நெல் உமி. சில்லைக் காகிதத்தைவிட மெல்லிசாக அறுத்து மைக்ரோஸ்கோப்பில் வைத்தால் தெரிந்துவிடும். பதினொன்றையும் அதற்காக வெளியூர் லேபுக்கு அனுப்பினார்.

அந்த வாரங்களில் லோகா திரும்பக் கொழுந்துக்குப் போனாள். கொட்டகை வாசலில் நின்றால் எதிர்ச் சரிவில் அவள் தெரிவாள்... பனியில் பாதி, வெளியே பாதி. நான் கூப்பிடவில்லை. அவளும் திரும்பிப் பார்க்கவில்லை.

முடிவு வந்த அன்று மழை. டாக்டர் காரை எடுத்துக்கொண்டு நேராக லோகாவின் லைன் வீட்டுக்குப் போனார். என்னையும் கூட்டிப்போனார்.

"பதினொண்ணுலயும் வெள்ளைக் கல்லு. உமி ஒண்ணுகூட இல்ல. எல்லாம் ஒரே பானை, கீழ் அடுக்குதான். நீங்க கலக்கல லோகா. நான் அவசரப்பட்டுட்டேன். மன்னிச்சிருங்க."

லோகா தலையை ஆட்டினாள். அப்புறம் கேட்டாள், "அப்போ அத செஞ்சவளும் பீச்சாங்கையா டாக்டர்?"

"இருக்கலாம். நிச்சயமா சொல்ல முடியாது."

"எனக்குத் தெரியும் லா," என்று சிரித்தாள். கண் நிறைந்திருந்தது. "நனைஞ்சுட்டீங்களே, உள்ள வாங்க. பசியாறிட்டுப் போங்க."

டாக்டர் அறிக்கையில் "இருக்கலாம்" என்றுதான் எழுதினார். மறு வாரமே லோகா கொட்டகைக்குத் திரும்பிவிட்டாள். கடைசிச் சில்லு வரைக்கும் அவள்தான் கழுவினாள்.

பல வருடம் கழித்துத் திரிங்காப் டவுனில், முட்டைக்கோஸ் லோரி பக்கத்தில் நின்றுகொண்டு ஒரு வழியாகச் சொன்னேன். "அன்னிக்கு நான் பேசிருக்கணும்டி. நம்பர நான்தான் மாத்திட்டேனோன்னு பயந்துட்டேன்."

"தெரியும். உன் மூஞ்சிலயே எழுதியிருந்துச்சு." என் கையைப் பிடித்தாள். "சரி, மக கல்யாணத்துக்கு ஒரு நாள் முன்னாடியே வந்துரு."

போனேன். இரண்டு நாள் இருந்தேன்.

நாளை மதியம் இரண்டு மணிக்கு லைன் வீட்டிலிருந்து எடுக்கிறார்கள். தெரிந்தவர்கள் வந்துவிடுங்கள். பாதை வழுக்கும், மோட்டார் சைக்கிளை மேலேயே விட்டுவிட்டு நடந்து வாங்க.

லோகா... நான் கிளம்பிட்டேன்டி. இங்கே பனி இன்னும் விலகவில்லை. மெதுவாப் போ.